தொட்டி மீன் தொட்டியோடு இருக்கட்டும்

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வீட்டில் வண்ணமீன் வளர்க்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

"ரொம்பப் பெருசாயிட்டு, அதான் குளத்துல கொண்டு விட்டுட்டேன்."

உங்களில் பலர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். சக்கர் மீனைப் பற்றி, ஆஸ்கரைப் பற்றி, ஷார்க் என்று பேர் சொல்லி விற்கப்படும் மீனைப் பற்றி, குட்டி போட்டுப் பெருகிவிட்ட கப்பிகளைப் பற்றி. சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கிறது. கொல்லவில்லை, ஓர் உயிரைப் பிழைத்துப்போக விட்டேன் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்கு இடமில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவே இந்த மடல்.

தொட்டி வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் தொட்டி இருக்கிறது. சந்தையில் விடியுமுன்னே சரக்கு இறக்கியவரும், நாளெல்லாம் கடையில் நின்றவரும், வயலிலிருந்து திரும்பியவரும் ராத்திரி அந்த விளக்கு வெளிச்சத்தின் முன்னே பேசாமல் உட்கார்ந்திருக்கும் சுகம் எனக்குத் தெரியும். என் வாதம் வேறு. குளத்தில் கொண்டுபோய்க் கொட்டப்படும் மீன், யோசிக்காமல் வாங்கப்பட்டு, வளர்க்கத் தெரியாமல் வளர்க்கப்பட்ட மீன். தொட்டியை ஒழுங்காக வைத்திருக்கும் வீட்டிலிருந்து குளத்துக்கு மீன் போவது அபூர்வம். ஆகவே குளத்தைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் சேர்த்தே உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் குளம். நம் ஊர்க் குளங்களைத் தனித்தனிக் குளங்கள் என்று நினைக்காதீர்கள். குற்றாலத்து மலையில் பெய்வது அருவியாக விழுந்து சிற்றாறாகி, அணைக்கட்டுகளில் மறிக்கப்பட்டு, கால்வாய் வழியே குளங்களை நிரப்புகிறது. ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. மிஞ்சியது மறுபடி ஆற்றில் சேர்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்துவிடுகிறது. கீழப்பாவூர்க் குளத்தில் விட்ட மீன் கீழப்பாவூர்க் குளத்திலேயே கிடக்கும் என்று உங்களுக்கு யார் உத்தரவாதம் தந்தது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைகளைத் தாண்டி ஊர்களுக்குள் வந்தது. அப்படி ஒரு பெருவெள்ளத்தில் குளத்துக்கும் ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் வரப்பே கிடையாது. மீனுக்கு அது திறந்த வீதி.

மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புக் குளங்கள் உடைந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மீனவர்கள் வலையில் அராபைமா கிடைத்தது. அமேசான் ஆற்று மீன் அது. ஆளுயரத்துக்கு மேல் வளரக்கூடியது. 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் பிடிபட்டது. வட அமெரிக்க மீன், முதலை வாய், நீண்ட பல்வரிசை. இவை தாமாகக் கடல் கடந்து வரவில்லை. வளர்க்க ஆசைப்பட்டுத்தான் யாரோ வாங்கினார்கள்.

உங்கள் தொட்டியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கருக்கு வருகிறேன். டேங்க் கிளீனர் என்று சொல்லி, இரண்டு அங்குலத்தில் விற்கிறார்கள். பாசி தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று நம்பி வாங்குகிறோம். அது ஒன்றரை அடி வரை வளரும். தின்பதைவிடக் கழிப்பது உங்கள் கண்ணில் படத் தொடங்கும்போது அதைக் குளத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது. மண் கரைதான் நம் குளங்களுக்கு உயிர். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காவல் காக்கும் கரை. அதில் கை நீளத்துக்கு வளை தோண்டும் ஒரு மீனை நாமே கொண்டுபோய் விடுகிறோம். கோடையில் குளம் வற்றினால் செத்துப்போகும் என்கிறீர்களா? காற்றை விழுங்கி இரைப்பை வழியே மூச்சுவிடும் திறமை அதற்கு உண்டு. கெண்டை செத்து மிதக்கும் சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கும். உடம்பு முழுக்கத் தகடு, துடுப்பில் முள். மீன்பாசி ஏலம் எடுத்தவர் வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது. சென்னையில் வண்ணமீன் ஆர்வலராக இருந்து ஆய்வாளரான ஜே.டி. மார்கஸ் நைட், தொட்டிகளிலிருந்து வெளியேறும் அயல் மீன்களால் தென்னிந்திய நீர்நிலைகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றி 2010லேயே எழுதினார். மீன் வளர்ப்பவரே மீன் வளர்ப்பவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. கேட்டிருக்க வேண்டியது நாம்.

"ஒரே ஒரு மீனால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களைத் தாமிரபரணிக் கரையில் போய் நிற்கச் சொல்வேன். தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடக்கும் அமலைச் செடியைப் பாருங்கள். அதன் தாயகமும் தென்னமெரிக்காதான். ஊதாப் பூவின் அழகுக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஆண்டுதோறும் இயந்திரம் வைத்து அள்ளினாலும் தீர்வதில்லை. ஜிலேபிக் கெண்டையும் 1952இல் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத குளம் நம் பக்கத்தில் உண்டா? கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. உங்களைப் போலவே நல்லது நினைத்தவர்கள்தான்.

நாம் மீன்மேல் இரக்கமில்லாத ஊர்க்காரர்கள் அல்ல. பாபநாசம் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டு, மீன்கள் காலைச் சுற்றி மொய்ப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியே வளர்ந்தவர்கள். அந்த இரக்கத்தைத்தான் இப்போது கேட்கிறேன். பொரி தின்ன வரும் அந்த மீன்களின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து யோசியுங்கள். தாமிரபரணிப் படுகைக்கென்றே ஒரு கெண்டை இருக்கிறது. ஈ.ஜி. சைலஸ் 1954இல் அதை விவரித்தபோது நம் ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். இன்றைய அறிவியல் பெயர் டாக்கின்சியா தாம்பிரபர்ணியெய். ஆண்மீனின் முதுகுத்துடுப்பில் நூல் நூலாக இழைகள் நீண்டிருக்கும். பக்கவாட்டில் கரும்பட்டை, வெளிச்சம் படும் கோணத்துக்குத் தக்கபடி பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும். வெளிநாட்டு மீன் வளர்ப்பவர்கள் பணம் கொடுத்து வாங்கி, பொறுமையாக இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். அழியும் ஆபத்திலுள்ள மீன் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் சொல்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன், நம் வீட்டு வாசலில் ஓடும் தண்ணீரில். அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னவும், அதன் பாசியைப் பறிக்கவும் நாம் பத்து ரூபாய்க்கு வாங்கிய மீனை அனுப்புகிறோம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கெண்டை அழகாக இருக்கிறதென்று கேட்டவுடன் கொசுவலையைத் தூக்கிக்கொண்டு மலையோடைக்குப் போகாதீர்கள். குற்றாலத்துக்கு மேலே உள்ள காடு சரணாலயம். அங்கே மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். கேரளத்து மலையாறுகளின் டெனிசன் கெண்டை, 'மிஸ் கேரளா' என்று கொண்டாடப்பட்ட மீன், 1990களின் கடைசியில் வெளிநாட்டுத் தொட்டிகளில் புகழ்பெற்றது. 2005 முதல் 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. அவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. இன்று அதுவும் அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் இருக்கிறது. ஆற்றுக்குள் விடுவதும் ஆற்றிலிருந்து அள்ளுவதும் ஒரே பொறுப்பின்மையின் இரண்டு முகங்கள்.

இனி உங்கள் தொட்டி.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குகிறோம். எல்லாக் கெடுதலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளை அழுகிறான், கடைக்காரரும் தடுப்பதில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஒவ்வொன்றாகச் சாகும். "நமக்கு ராசியில்லை" என்று சொல்லிவிடுகிறீர்கள். ராசிக்கு இதில் வேலையில்லை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். அதை நைட்ரைட்டாக்க ஒருவகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். இரண்டும் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்து மீனைப் போட்டால் அவை தம் கழிவிலேயே வெந்து சாகின்றன. மண்ணில் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890 வாக்கில் ரஷ்யாவின் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டிவிட்டார். நூற்று முப்பது ஆண்டு கழித்தும் நம் கடைகளில் அந்தத் தகவல் வந்துசேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

செய்யவேண்டியது கடினமில்லை. தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். ஏற்கனவே ஆண்டுக்கணக்கில் ஓடும் நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பரிசோதனைச் சொட்டு மருந்து காட்டிய பிறகு நாலு மீன் வாங்குங்கள். இரண்டு வாரம் பொறுத்து இன்னும் நாலு. வேலம்பாசி கொஞ்சம் போட்டுவைத்தால் அதுவும் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் கழுவல். இதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும். மீனையெல்லாம் வாளியில் அள்ளிப் போட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைச் சலித்து, பஞ்சைக் குழாயடியில் வெள்ளைவெளேரென்று பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறீர்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டு அந்த பாக்டீரியாக்கள் மொத்தமும் செத்திருக்கும். வாரா வாரம் உங்கள் தொட்டி புதுத் தொட்டியாகிறது. வாரா வாரம் மீன் அதே விஷத்தில் நீந்துகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மட்டும் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசுங்கள். புதுத் தண்ணீரை ஒருநாள் முன்பே பிடித்துவைத்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஊற்றுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். எடுத்த தண்ணீரைத் தென்னைக்கோ முருங்கைக்கோ ஊற்றுங்கள்; அதில் இருக்கும் நைட்ரேட் அதற்கு உரம். சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நத்தை முட்டையும், செடித் துணுக்கும், நோய்க்கிருமியும் இருக்கும். மீன் நோய் என்றால் உடனே நீலமருந்தை ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். பெரும்பாலும் நோய் தண்ணீருக்குத்தான் வந்திருக்கும். முதலில் கால்பங்கு தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

நம் தண்ணீரே இரண்டு வகை. போர் தண்ணீர் பல தெருக்களில் கெட்டியானது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் தெருக்களில் அது மென்மையானது. உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற மீனை வாங்குங்கள். மோலி, பிளாட்டி, கப்பி, வாள்வால் எல்லாம் நடு அமெரிக்காவும் அதை ஒட்டிய நிலமும் தந்த மீன்கள். கெட்டித் தண்ணீரில் செழிக்கும். நியான் டெட்ரா அமேசான் காட்டின் மென்தண்ணீர் மீன். போர் தண்ணீரில் அது ஒரு மாதம் இழுத்துக்கொண்டு கிடக்கும். உங்கள் பிள்ளை அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பான். காரத்தன்மை கூடிய தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஹெச் ஏழிலிருந்து எட்டுக்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. போர் தண்ணீர்க்காரர்கள் தீனி போடும் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் ஹீட்டரைவிட மின்விசிறிக்குத்தான் வேலை அதிகம். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தொட்டுவிடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையுமென்றால் 32 டிகிரியில் ஏழு சொச்சம்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், மூடியைத் திறந்துவையுங்கள், தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்கும்படி பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் காற்று வீசத் தொடங்கும்போது சூடு ஒரே நாளில் இறங்கும். மேற்குச் சன்னலோரத் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டுவதற்கு இந்தத் திடீர் இறக்கமே பலநேரம் காரணம். தொட்டியைச் சன்னலிலிருந்து நகர்த்தி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

எது எதோடு சேரும் என்பதில்தான் நம்மவர்கள் பெரிதும் சறுக்குகிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மண்ணும் கல்லும் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் தங்கமீனும் ஏஞ்சலும் டைகர் பார்பும் ஷார்க்கும் சக்கரும் சேர்ந்து கிடப்பதை எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் மிக அதிகம். டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துப் பிய்க்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கும். ஷார்க் எனப்படுவது மேகாங் ஆற்றுக் கெளுத்தி. நாலடிக்கு வளர்ந்து கூட்டமாகப் பயணம் போகப் பிறந்தது. அதைத் தொட்டியில் வைத்தால் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்குப் புண்ணாகும். ஆஸ்கர் ஓரடி. சக்கர், ஷார்க், ஆஸ்கர் எதற்கும் உங்கள் கூடத்துத் தொட்டியில் இடமில்லை. வாங்கும்போதே குளம்தான் அவற்றுக்கு முடிவு என்று நீங்கள் எழுதிவிடுகிறீர்கள்.

அந்த ஐம்பது லிட்டருக்கு என்னைக் கேட்டால், எட்டு சீப்ரா மீன், ஒரு ஜோடித் தேன் குராமி, அடியில் மேய ஐந்தாறு கோரிடோரஸ், நிறைய வேலம்பாசி, போதும். சீப்ராவும் தேன் குராமியும் இந்தியாவின் மீன்களே. கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்காதீர்கள்; பயத்திலேயே நிறம் வெளிறிவிடும். உதிர்ந்து காய்ந்த வாதாமர இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். குராமிக்கு அது பிடிக்கும். குறைந்த மீன் உள்ள தொட்டியில்தான் மீனின் குணம் தெரியும். குராமி மீசை போன்ற துடுப்பால் ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்ப்பதையும், ஆண்மீன் நுரைக்கூடு கட்டிக் காவல் நிற்பதையும் நெரிசலான தொட்டியில் பார்க்கவே முடியாது.

கப்பி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டி. ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாது. "சுகாதாரத் துறையே கொசுவுக்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறதே, நான் வாய்க்காலில் விட்டால் என்ன?" என்கிறீர்கள். மூடிய தொட்டியில் விடுவது வேறு, ஓடும் தண்ணீரில் விடுவது வேறு. கொசுப்புழு தின்ன நம் வாய்க்காலிலேயே நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் இருக்கிறது. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. கப்பி அதற்குப் போட்டி. ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள், நிறமும் அவற்றுக்குத்தான். பெருக்கமே இருக்காது.

கடை நடத்தும் அண்ணாச்சிகளே, நீங்களும் இந்த மடலுக்கு உரியவர்கள். உங்கள் பிழைப்பில் மண் போட வரவில்லை. ஒழுங்காக வளர்க்கத் தெரிந்தவர் ஆண்டுக்கணக்கில் உங்களிடம் தீனியும் பஞ்சும் செடியும் வாங்குவார். மூன்றே வாரத்தில் எல்லா மீனும் செத்தவர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு உங்கள் கடைப் பக்கமே வரமாட்டார். ஒவ்வொரு தொட்டிக் கண்ணாடியிலும் மீனின் பேருக்குக் கீழே அது எவ்வளவு வளரும் என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். "சக்கர்: ஒன்றரை அடி" என்று இருந்தால் வாங்குபவர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். வளர்க்க முடியாமல் திருப்பிக் கொண்டுவரும் மீனை, காசு தராவிட்டாலும் பரவாயில்லை, வாங்கி வைத்துக்கொள்ள கடையின் பின்பக்கம் ஒரு பெரிய தொட்டி ஒதுக்குங்கள். அலிகேட்டர் காரும் செவ்வால் கெளுத்தியும் கேட்டு வரும் பையன்களை உங்கள் சொல் ஒன்று திருப்பி அனுப்பிவிடும். அவர்கள் எங்கள் பேச்சைவிட உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

மறுபடி உங்களிடம். குற்றால அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் கூடாது என்று ஆனபோது நாம் முணுமுணுத்தோம், பிறகு பழகிக்கொண்டோம். தண்ணீர் கீழே வாழ்கிறவர்களுக்கும் சொந்தம் என்பதை ஏற்றுக்கொண்டோம். இதையும் அப்படி ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்குச் சட்டமோ காவலோ வரக் காத்திருக்க வேண்டாம். எந்த அதிகாரியாலும் அந்தி நேரத்தில் வாளியோடு குளத்தங்கரைக்கு வருபவரைத் தடுக்க முடியாது. உங்களால் மட்டும்தான் முடியும்.

இன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து, உங்கள் தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு மீனின் பெயரையும், அது முழுதாக எவ்வளவு வளரும் என்பதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் வாங்கிய கடையில் கேளுங்கள். உங்கள் தொட்டிக்கு அடங்காதது எதுவோ, அது சின்னதாக இருக்கும்போதே இடம் தேடுங்கள்: பெரிய தொட்டி உள்ள நண்பர், கடை அண்ணாச்சி, வேறு வளர்ப்பவர். எங்கும் இடமில்லை, நோயும் தீராது என்ற நிலைமை வந்தால், கொஞ்சம் தண்ணீரில் கிராம்பு எண்ணெயை நன்றாகக் கலக்கி அதில் மீனை விட்டால் அது மயங்கி, மூச்சு அடங்கி, வலியில்லாமல் போய்விடும். தோட்டத்தில் புதைத்துவிடுங்கள். இதைச் செய்ய மனம் கனக்கும், எனக்குத் தெரியும். குளத்தில் விட்டால் அந்தக் கனம் உங்களுக்கு இல்லாமல் போகும். கெண்டைக்கும் அயிரைக்கும் கரைக்கும் போய்ச் சேரும்.

பாவூர்சத்திரத்தில் மாதம் ஒரு ஞாயிறு, சந்தை கலைந்த பிறகு, மீன் வளர்ப்பவர்கள் ஓர் இடத்தில் கூடுவோம். மிஞ்சிய குட்டிகளையும், வளர்ந்துவிட்ட மீன்களையும், செடிகளையும், பழைய ஃபில்டர் பஞ்சையும் கொண்டுவாருங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், காசு வேண்டாம். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையம் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் ஆற்று மீன்களைப் பற்றித் தெரிந்தவர்களை அங்கிருந்து ஒருநாள் அழைத்து, நம் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்போம். இடத்தையும் தேதியையும் கடை அண்ணாச்சிகளோடு பேசி முடிவு செய்வோம். வருகிறேன் என்பவர்கள் நீங்கள் வழக்கமாக மீன் வாங்கும் கடையில் உங்கள் பெயரைச் சொல்லிவையுங்கள். முதல் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே தொட்டி வைத்திருக்கும் ஒருவன்
பாவூர்சத்திரம்